ஒரே கொப்பி

கல்லடியில், டயர்க்கடைக்கு மேலே
வாடகை அறை.
கடற்காற்றின் உப்பு
மூன்று மாதத்தில் ஒரு நெட்வேர்க் கார்ட்டைத் தின்றுவிடும்.
மேசைக்குக் கீழே இரண்டு இயந்திரங்கள்.
ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும்,
வேறு சோலி அவற்றுக்கு இல்லை.

"மேல என்ன வேலகா செய்றீங்க?"
கடைக்காரர் சுவேந்திரன் கேட்டார்.
"டிரைவர் திருத்துறன்."
"பஸ்ஸத் திருத்தலாம். டிரைவர எப்பிடிகா திருத்துற?"

சிரித்துக்கொண்டு படியேறினேன்.
உண்மையில் எனக்கும் தெரியாது.

ஒரு கோரில் ஓட்டினால்
செக்கனுக்கு ஒன்பது இலட்சம் பொதி.
எட்டுக் கோரிலும் ஓட்டினால்
பதினொன்று.
மற்ற ஏழு பேரும் எங்கே போனார்கள்?

முதலில் குறுக்கீடுகளைச் சந்தேகித்தேன்.
வருகிற பொதியெல்லாம் கேர்னலின் கதவைத் தட்ட வேண்டாம்,
அறுபத்துநாலு சேரட்டும்,
நானே வந்து எடுக்கிறேன் என்று மாற்றினேன்.
கொஞ்சம் கூடியது.
பிறகு வளையத்தைப் பெருப்பித்தேன்.
அது, முகத்துவாரம் வெட்டாமல்
வாவிக்கரையை உயர்த்துகிற வேலை.
வெள்ளம் நாவற்குடாவில் ஏறாவிட்டால்
வேறெங்கோ ஏறும்.

கார்த்திகை மழை.
நேரம் எங்கே செலவாகிறது என்று
வரி வரியாக அளந்துகொண்டு போனபோது
ஒரு வரி மட்டும் சிவந்து நின்றது.
பொதியைத் தொடாத வரி.
எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு,
அவ்வளவுதான்.

எட்டுக் கோரும்
ஒரே இடத்தில் எழுதுகின்றன.
ஒன்று எழுதும்வரை
ஏழும் நிற்கின்றன.

எனக்குப் பன்னிரண்டு வயது.
வாழைச்சேனை பஸ் சென்ரியில் நிற்கும்.
இறங்குவோம்.
கையில் ஐசி, தோளில் புத்தகப்பை, நடு வெயில்.
துவக்கோடு ஆறு பேர்.
கொப்பி ஒன்று.
பேனை ஒன்று, அதுவும் நூலில் கட்டியது.
மணிக்கணக்காக எங்களை நிறுத்திவைத்தது
துவக்கு என்றுதான்
இந்த இரவுவரைக்கும் நினைத்திருந்தேன்.

ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன், கோர்களுக்கு.
ஒன்றின் எழுத்து மற்றதன் வரியில் படாமல்
நடுவே வேலி அளவுக்கு வெறும் பைட்டுகள்.
மொத்தம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் மட்டும்
கூட்டிச் சொல்.
பதினேழு வரி சேர்ந்தது, ஐந்து வரி போனது.

அறுபத்திரண்டு இலட்சம்.

பிழையாக இருக்கும் என்று திரும்ப ஓட்டினேன்.
அறுபத்திரண்டு.
மூன்றாம் தரம் ஓட்டுகையில் கரண்ட் போயிற்று.
இருட்டில் தனியே கைதட்டினேன்,
யூபிஎஸ் பீப் பீப் என்றது.

சரிபார்க்கிற றுஸ்லான் சாய்ந்தமருதிலிருந்து எழுதினான்:
"நல்லம். ஒரு சின்ன விசயம்.
தவறவிட்ட பொதிகளின் கணக்கை
ஒவ்வொரு முறையும் கார்ட்டிடம் போய்க் கேட்கிறாய்.
அது தூரம். அந்தக் கணக்கை ஒருவரும் பார்ப்பதுமில்லை.
எடுத்துவிட்டால் இன்னும் இருபதாயிரம் கிடைக்கும்."

எடுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டாயிரம் கிடைத்தது.

இறங்கிய எல்லோரும்
அந்த பஸ்ஸில் திரும்ப ஏறவில்லை.
கொப்பியில் இறங்கியவர் பெயருக்கு இடமிருந்தது.
ஏறியவரை எழுத
அதில் கோடு போட்டிருக்கவில்லை.

திரும்ப வைத்தேன்.
"இது இருக்கட்டும், விலை தெரியும்"
என்று மட்டும் பதில் போட்டேன்.
ஏன் என்று றுஸ்லான் கேட்கவில்லை.
அவனும் பஸ்ஸில் போனவன்தான்.

விடிய, கீழே ஷட்டர் கிறீச்சிட்டது.
"என்னகா, திருந்திட்டானா டிரைவர்?"
"ஓம், ஓரளவுக்கு."

திரையில் இரவு முழுவதன் கணக்கு.
வந்தவை இருபத்திரண்டு கோடியே சொச்சம்.
தவறியவை மூன்று.

எந்த மூன்று என்று தெரியாது.
மூன்று என்று தெரியும்.